பெரியவர்களுக்கு இது கிடையாதாம்

கவனக்குறைவு என்ற சொல்லுக்கும் எனக்கும் பழைய பகை. பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் சொன்னார்கள். கல்யாணமான பிறகு மாமியார் வீட்டில் சொன்னார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியில் அதை அச்சடித்து மெமோவாகவே கையில் கொடுத்தார்கள். நாற்பது வயதில், எனக்கு இருப்பது ஏடிஹெச்டி என்று சந்தேகம் வந்து, தமிழில் அதற்கு என்ன பெயர் என்று போனில் தேடிப் பார்த்தேன். கவனக்குறைவுக் கோளாறு என்று போட்டிருந்தது. சிரிப்புதான் வந்தது. திட்டியவர்கள் வைத்த பெயரையே வைத்தியமும் வைத்திருக்கிறது.

எனக்குக் கவனம் குறைவு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பட்ட கவனம் இருக்கிறது, எது மேல் போக வேண்டுமோ அதன் மேல் மட்டும் போகாது. டிஸ்பாட்ச் பகுதியில் நின்று பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது என் வேலை. ஒட்டும்போது பக்கத்து ஷெட்டில் கம்ப்ரசர் சத்தம் மாறுவது கேட்கும். வாசலில் லாரி டிரைவர் யாரோடோ போனில் சண்டை போடுவது கேட்கும். தலைக்கு மேலே டியூப்லைட் துடிப்பது தெரியும். காலையில் கேஸை அணைத்தோமா என்று ஒரு யோசனை, மகளின் பள்ளிக்கூட வேனுக்கு என்ன சொன்னோம் என்று இன்னொரு யோசனை. எல்லாம் ஒரே அளவு சத்தத்தில் ஓடும். கையில் இருக்கிற லேபிள் மட்டும் மாறிப்போகும். புனேவுக்குப் போக வேண்டிய பெட்டிகள் ஓசூரில் போய் இறங்கியது அப்படித்தான்.

சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"ஏம்மா, நின்னுக்கிட்டே தூங்குறியா?"

"இல்ல சார். முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"அப்புறம் எப்படி இது மாறுச்சு?"

"ரொம்ப முழிச்சுக்கிட்டு இருந்தேன் சார்."

நான் நக்கல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். உண்மையைத்தான் சொன்னேன். மெமோ வந்தது.

அப்போது நாங்கள் திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருந்தோம், இப்போதும் அங்கேதான். கணவர் ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். காலையில் மின்சார ரயிலைப் பிடித்துப் பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டும். எத்தனையோ நாள் கொரட்டூரிலோ வில்லிவாக்கத்திலோ இறங்கி, எதிர் வண்டி பிடித்துத் திரும்பியிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே எதையாவது பார்த்திருப்பேன். அதிலிருந்து ஒரு யோசனை, அந்த யோசனையிலிருந்து இன்னொன்று, அதற்குள் ஸ்டேஷன் போயிருக்கும்.

"போன்ல அலாரம் வெச்சுக்கோ. எல்லாருக்கும்தான் மறக்குது, எனக்கும்தான் மறக்குது" என்பார் கணவர். நல்ல மனிதர், கோபமாகச் சொல்ல மாட்டார். ஆனால் அவருக்கு மறப்பது ஸ்பானரை எங்கே வைத்தோம் என்பது. எனக்கு அலாரம் அடிக்கும், அணைப்பேன், எதற்காக அடித்தது என்பதே நினைவில் இருக்காது. அதற்காக இன்னொரு அலாரம் வைத்தேன். போன் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "யாராவது கடன்காரனா கண்ணு?" என்று கேட்டார்.

இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது என்று மகளின் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு ஆலோசகரை வரவழைத்திருந்தார்கள். சின்ன வயதுப் பெண், ஜோல்னாப் பை, கையில் மைக். சில பிள்ளைகளுக்கு ஏன் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, ஏன் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்கிறார்கள், ஏன் பென்சில் பாக்ஸை வாராவாரம் தொலைக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே போனார். சுற்றிலும் இருந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் நோட்டில் ஒவ்வொன்றையும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் எதுவும் இல்லை. நான்தான் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். யாரோ என் வீட்டுக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்து மைக்கில் சொல்வதுபோல் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் அவரை மறித்தேன்.

"மேடம், இது பெரியவங்களுக்கும் இருக்குமா?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "இருக்கும். சின்ன வயசுலயே இருந்திருக்கும், யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க. ஆனா பெரியவங்களுக்குப் பாக்குறவங்க கம்மி. தேடணும்."

தேடணும் என்று அவர் சொன்னதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

முதலில் ஆவடியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் சின்ன கிளினிக். படியேறும்போதே எதிர்ப்பட்ட ஒருத்தி, பிறந்த வீட்டுப் பக்கத்துத் தெருக்காரி, "மேல பல் டாக்டர் இருக்காரா என்ன?" என்று கேட்டாள். இல்லை, மனநல டாக்டர் என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அன்று சாயங்காலமே என் அண்ணியின் காதுக்குச் செய்தி போய்விட்டது.

டாக்டர் பெரியவர், அமைதியானவர். நான் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் நிறுத்தினார்.

"என்னம்மா படிச்சிருக்கீங்க?"

"பி.காம். சார்."

"வேலைக்குப் போறீங்க. குடும்பம் நடத்துறீங்க. குழந்தைய வளக்குறீங்க. அப்ப எப்படிம்மா உங்களுக்கு அது இருக்கும்? அது சின்னப் பசங்களுக்கு வர்றது. வளர்ந்தா போயிடும்."

"எனக்குப் போகல சார்."

"இப்பல்லாம் ரீல்ஸ் பாத்துட்டு எல்லாரும் இதையே சொல்லிட்டு வர்றாங்க." பேனாவைத் திறந்தார். "வீட்ல பிரச்சினையா? வீட்டுக்காரர் குடிப்பாரா?"

"குடிக்க மாட்டார்."

"அடிப்பாரா?"

"இல்ல சார்."

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். குடிகாரக் கணவன் இருந்திருந்தால் என்னைப் புரிந்துகொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதற்றம் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். பதற்றம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. எந்த நேரமும் எதையாவது மறந்திருக்கிறோமே என்று அலைகிறவளுக்குப் பதற்றம் இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனால் அவர் புகைக்கு மருந்து கொடுத்தார், அடுப்பைப் பார்க்கவில்லை.

அந்த மாத்திரை வேறு யாருக்காவது நல்லது செய்யும். எனக்குத் தூக்கத்தைக் கொடுத்தது. முன்பு யோசனையில் வில்லிவாக்கம் போனவள், இப்போது தூங்கி சென்ட்ரல் வரை போனேன். மறுபடி போய் அவரிடமே சொன்னேன். அளவைக் கூட்டலாம் என்றார்.

"சார், நான் சொன்னதுல ஒண்ணாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது என்று அண்ணி பிறகு சொன்னாள். கேட்டது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "பாத்தீங்களா, எவ்ளோ டென்ஷன்" என்றார். மாத்திரையை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதை மட்டும் அவரிடமே கேட்டுக்கொண்டு இறங்கி வந்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த ஆலோசகரின் நம்பரை வாங்கினேன். அவர் நகரத்துக்குள் இருக்கும் ஒரு பெண் டாக்டரைச் சொன்னார். பெரியவர்களுக்கும் பார்ப்பாராம். அங்கே தேதி கிடைக்கவே பல வாரம் ஆனது. ஒருவழியாகப் போய் உட்கார்ந்ததும் அவர் பொறுமையாகக் கேட்டார், நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில் ஒன்று சொன்னார்.

"நீங்க சொல்றதெல்லாம் பொருந்துது. ஆனா இது சின்ன வயசுலேர்ந்து இருந்துச்சான்னு எனக்குத் தெரியணும். அப்ப உங்களைக் கிட்டேர்ந்து பாத்தவங்க யாராவது வந்து சொல்லணும். அம்மா இருக்காங்களா?"

அம்மா இருக்கிறார். ஆவடியில் அண்ணன் வீட்டில். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனேன்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த கீரையைக் கீழே போட்டார்.

"நான் வந்து என்னான்னு சொல்லணும்? என் பொண்ணு பைத்தியம்னு சாட்சி சொல்லணுமா?"

"பைத்தியம்னு யாரும்மா சொன்னா? நான் சின்ன வயசுல எப்படி இருந்தேன்னு கேப்பாங்க. அவ்ளோதான்."

"நல்லாத்தான் இருந்த. துறுதுறுன்னு இருந்த. ஒழுங்கா உக்காந்து படிச்சிருந்தா கலெக்டர் ஆயிருப்ப."

"அந்த உக்காருறதுதாம்மா முடியல."

"எனக்கு மட்டும் முடிஞ்சுதா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "பால வெச்சுட்டு மறந்துருவேன், துணிய ஊற வெச்சுட்டு மறந்துருவேன். ஸ்கூல்லேர்ந்து உங்களக் கூட்டிட்டு வரவே ஒரு நாள் மறந்துட்டேன். உங்கப்பா கத்தாத கத்தா? நான் என்ன மாத்திரையா சாப்ட்டேன்? குடும்பம் நடத்தல?"

"நடத்துன. அழுதுக்கிட்டே நடத்துன. நான் பாத்தேன்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல்: "யக்கா, டேங்க் ரொம்பி ஊத்திகினு கீது, மோட்டார நிறுத்து!" அம்மா போட்ட மோட்டார்தான். போட்டது அவருக்கு நினைவே இல்லை. நான்தான் எழுந்து போய் நிறுத்தினேன். திரும்பி வந்தபோது அவர் கீரையைப் பொறுக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். "நான் வர மாட்டேன்" என்றார். "உனக்கு வேணும்னா போ. என்னைய இழுக்காத."

அவர் எனக்காகத்தான் பயப்படுகிறார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது, அவருக்குத் தன்னைப் பற்றிய பயம். எனக்கு ஒரு பெயர் கிடைத்தால் அவருக்கும் அதே பெயர்தான். அப்பா கத்தியதெல்லாம் வீண், தான் அழுததெல்லாம் வீண் என்று ஆகிவிடும். அந்த வயதில் அதைத் தாங்குவது எளிதில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அந்த வருத்தத்துக்காக நான் நின்றுவிடப் போவதில்லை.

அம்மா இல்லையென்றால் வேறு யார்? மூன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்த தோழி ஒருத்தி. அவள் குடும்பம் அப்போது ஆவடியில் இருந்தது. கல்யாணமாகி பூந்தமல்லிக்குப் போனவள், இப்போது கணவரோடு லேஸ், பட்டன், ஜிப் விற்கும் கடை வைத்திருக்கிறாள். நல்ல வியாபாரக்காரி, பேச்சில் யாரும் அவளை ஜெயிக்க முடியாது. போன் செய்தேன்.

"இன்னாடி இது, டாக்டராண்ட வந்து உன்னப் பத்திச் சொல்லணுமா? ஒரு நாள் பூரா சொல்லுவேனே. எப்ப வரணும்?"

தேதியைச் சொன்னேன். காட்டுப்பாக்கத்தில் அவளுக்கு ஒரு சரக்கு வேலை இருந்தது. அதை முடித்துவிட்டு அங்கிருந்தே என்னோடு ஆட்டோவில் சேர்ந்துகொண்டாள். கருப்பு புர்கா, கையில் தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் சமோசா. கல்யாண வீட்டுக்குப் போகிற உற்சாகம்.

கிளினிக் வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மேடம், உங்களுக்கு நேத்து அப்பாயின்ட்மென்ட்."

போனை எடுத்துப் பார்த்தேன். கிளினிக் அனுப்பிய மெசேஜில் செவ்வாய்க்கிழமை என்றுதான் இருந்தது. அது எப்படியோ என் தலைக்குள் போய்ப் புதன்கிழமை ஆகிவிட்டது.

"இனிமே அடுத்த மாசம்தான் மேடம். ரூல்ஸ். வராதவங்களுக்கு மறுபடி புதுசாத்தான் போடணும்."

ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்தான் நான் உடைந்துபோவேன். மின்சார வாரிய ஆபீஸில், வங்கியில், பள்ளிக்கூடத்தில், எங்கே போனாலும் இதே கட்டம். தலையைக் குனிந்துகொண்டு, சாரி என் தப்புதான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவேன். அன்றைக்கு என்னவோ தலை குனியவில்லை. தோழி பக்கத்தில் நின்றதாலோ, அம்மாவின் முகம் இன்னும் கண்ணுக்குள் இருந்ததாலோ, தெரியவில்லை.

"ஏம்மா, இது எதுக்கு வைத்தியம் பாக்குற இடம்?"

"மேடம்?"

"மறதிக்கும்தான பாக்குறீங்க? நாள மறக்குறவங்க, நேரத்த மறக்குறவங்கதான இங்க வர்றாங்க? மறந்துட்டு வந்தவள மறந்துட்டீங்கன்னு சொல்லி திருப்பி அனுப்புனா, பின்ன யாருக்கும்மா வைத்தியம் பாப்பீங்க? ஒழுங்கா ஞாபகம் வெச்சிருக்கவங்களுக்கா?"

காத்திருந்தவர்களில் ஒரு கல்லூரிப் பையன் பக்கென்று சிரித்துவிட்டான். வரவேற்புப் பெண் கம்ப்யூட்டரை மறுபடி பார்த்தாள். அவள் மேல் தப்பில்லை, யாரோ போட்ட விதியை அவள் படித்தாள், அவ்வளவுதான். "நான் ஒண்ணும் பண்ண முடியாது மேடம்" என்றாள் மெதுவாக.

"நீ ஒண்ணும் பண்ண வாணாம்மா" என்றாள் தோழி. "நாங்க இங்கியே குந்திக்கினு இருக்கோம். டாக்டரம்மா எப்பனா ஊட்டுக்குப் போவணும்ல? அப்ப பேசிக்கிறோம். சமோசா துன்றியா?"

உட்கார்ந்தோம். மதியம் போனது. வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்த் திரும்பிப் போனார்கள். சமோசாவில் ஒன்று வரவேற்புப் பெண்ணின் மேசைக்குப் போனது, அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்புறம் எடுத்துக்கொண்டாள். கடைசி ஆள் வெளியே வந்ததும் அவளே எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்து, "வாங்க" என்றாள்.

தோழி நாற்காலியை டாக்டர் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"டாக்டர், இவ ஸ்கூலுக்கு ரெண்டு காலுக்கு ரெண்டு செருப்பு போட்டுகினு வருவா. ஒண்ணு இவளுது, ஒண்ணு அவங்கண்ணனுது. மத்தியானம் நாங்க சொல்ற வரைக்கும் தெரியாது. டிபன் பாக்ஸ பஸ்லயே உட்டுட்டு வருவா. அவங்கம்மா வெறுத்துப்போயி இட்லிய வாழையிலைல கட்டி கவர்ல போட்டுக் குடுப்பாங்க. கணக்குப் பரீட்சைல கொஸ்டீன் பேப்பர திருப்பியே பாக்கல. முன்பக்கம் அத்தினியும் சரி. பின்பக்கம் ஒண்ணுகூட எழுதல. பின்னாடி கேள்வி இருக்குன்னே இவளுக்குத் தெரியல."

"டீச்சர்ங்க யாரும் கவனிக்கலையா?"

"கவனிச்சாங்களே. திமிருன்னு சொன்னாங்க. பெஞ்சு மேல நிக்க வெச்சாங்க. இவ பெஞ்சு மேல நின்னுகினு ஜன்னல்ல வேடிக்க பாப்பா. அதுக்கு மறுபடி அடி உழும்." தோழி நிறுத்தினாள். அதுவரை சிரித்துக்கொண்டு சொன்னவள் குரல் மாறியது. "நான்தான் டாக்டர் இவளுக்கு அலாரம். நாளைக்கு இன்னா பரீட்சைன்னு அவ ஊட்டாண்ட போய்ச் சொல்லிட்டு வருவேன். கண்ணாலம் ஆயி நான் போனப்போ, இவ இன்னா பண்ணுவாளோன்னுதான் எனக்குக் கவல."

இது எனக்குத் தெரியாது. நாங்கள் சாதாரணமாக விளையாடப் போவதுபோல்தான் அவள் மாலையில் வீட்டுக்கு வருவாள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். இன்னும் சில கேள்விகள், சில சோதனைகள். முடிவில், "ஆமா, உங்களுக்கு இருக்கு. எப்பவும் இருந்திருக்கு" என்றார்.

இந்த வார்த்தையைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அழுகை வரவில்லை. கோபம் வந்தது. பெஞ்சு மேல் நின்ற அந்தச் சின்னப் பெண்ணுக்காக வந்த கோபம். பி.காம். படித்தவளுக்கு இது இருக்காது என்று சொன்ன மனிதர் மேல், அந்த பி.காமை நான் எப்படி முடித்தேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற கோபம். பாஸ் ஆனதைப் பார்த்தார்களே தவிர, அதற்கு நான் கொடுத்த விலையை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் தணித்துக்கொள்ளச் சொல்லிப் பல பேர் அறிவுரை சொல்கிறார்கள். தணித்துக்கொள்வதாக இல்லை. அதுதான் என்னை இப்போதெல்லாம் வரிசையில் நிற்க வைக்கிறது.

பெயர் கிடைத்தால் மருந்தும் கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். டாக்டர் சீட்டு எழுதும்போதே எச்சரித்தார். "இத எல்லாக் கடையிலயும் வெச்சிருக்க மாட்டாங்க. போதைக்கும் எடுப்பாங்கன்னு கட்டுப்பாடு இருக்கு, விக்கிறதுக்குத் தனி லைசென்ஸ் வேணும். ஒவ்வொரு தடவையும் புது சீட்டு வேணும், நீங்க நேர்ல வரணும்."

திருநின்றவூரில் கேட்டேன். பெயரே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். அம்பத்தூரில் கேட்டேன். அடுத்த கடையில் பாருங்க என்றார்கள், அடுத்த கடையில் இன்னொரு அடுத்த கடையைச் சொன்னார்கள். பூந்தமல்லியில் தோழி தெருத்தெருவாக விசாரித்துவிட்டு இல்லை என்று போன் செய்தாள். ஆவடியில் ஒரு பெரிய கடை, சாயங்காலக் கூட்டம். கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கவுன்ட்டரில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இந்த போத மாத்திரலாம் நம்மாண்ட கெடையாதும்மா."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மா தன் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

"அண்ணா, இது யாரு எழுதுன சீட்டு?"

"டாக்டர் எழுதினதுதான்."

"கீழ கையெழுத்து இருக்கா? சீல் இருக்கா?"

"இருக்குதும்மா. அதுக்குன்னு..."

"அப்ப இது மருந்து. உங்ககிட்ட இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. சக்கரைக்கு மாத்திர கேட்டு வர்றவர, வெல்லம் திருடித் தின்னியான்னு கேப்பீங்களா? நானும் வியாதிக்குத்தான் கேக்குறேன். எனக்கு ஏடிஹெச்டி. மூளையில இருக்குற விஷயம். எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

கடைசிக் கேள்வி கூட்டத்துக்கு. கடைக்காரர் சீட்டை மடித்து, இந்த முறை இரண்டு கையாலும், என்னிடம் நீட்டினார். வெளியே வந்து நின்றபோது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? தைரியமாகப் பேசுகிறவர்களுக்கும் கால் நடுங்கத்தான் செய்யும்.

கடைசியில் நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டிய மருந்துக்கடையில் கிடைத்தது. அரை நாள் லீவு போட்டு, ரயில் மாறி, பஸ் மாறிப் போக வேண்டும். ஒவ்வொரு மாதமும் டாக்டரிடம் தேதி வாங்கி, அந்தத் தேதியை மறக்காமல் போய், புது சீட்டு வாங்கி, அதைத் தொலைக்காமல் கொண்டுபோய்க் கடையில் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவளுக்கு அந்த மாத்திரையே தேவையில்லை. நடக்க முடியாதவர்களுக்கான வைத்தியத்தை மாடியில் வைத்துவிட்டுப் படியேறி வரச் சொல்வது மாதிரி. யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

மாத்திரை சாப்பிட்ட முதல் நாள் ஏதோ அற்புதம் நடந்துவிடவில்லை. டிஸ்பாட்ச் பகுதியில் கம்ப்ரசர் இருந்தது, லாரி டிரைவர் இருந்தார், டியூப்லைட்டும் இருந்தது. ஆனால் அவை அவை இருக்கிற இடத்திலேயே இருந்தன. என் மேல் வந்து விழவில்லை. லேபிளை எடுத்தேன், படித்தேன், ஒட்டினேன். அடுத்ததை எடுத்தேன். மற்றவர்களுக்கெல்லாம் தினமும் இப்படித்தான் இருக்கிறதா, இவ்வளவு சுலபமாகவா என்று திகைப்பாக இருந்தது. மதியம் கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அப்போது அழுதேன்.

இன்றைக்கும் சாவியைத் தேடுகிறேன். இன்றைக்கும் சில நாள் கொரட்டூரில் இறங்குகிறேன். ஆனால் அதற்காக என்னை நானே திட்டிக்கொள்வது நின்றுவிட்டது.

மாதாமாதம் அரை நாள் லீவு என்றதும் சூப்பர்வைசர் காரணம் கேட்டார். சொன்னேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மென்டல் டாக்டர்ட்டயாம்மா போற?"

"ஆமா சார். சத்தமாவே கேளுங்க. அப்புறம் இன்னொண்ணு. என் டேபிள கம்ப்ரசர் பக்கத்துலேர்ந்து அந்தச் சுவர் ஓரமா மாத்திக் குடுங்க. ஒரு ஆர்டர் முடிஞ்சப்புறம்தான் அடுத்த ஆர்டர் லேபிள என்கிட்ட தரணும். பெட்டி மாறாது."

யோசித்தார். கருணையால் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். பெட்டி மாறினால் அவருக்கும் மேலே இருந்து திட்டு விழும். எதற்காக ஒப்புக்கொண்டாலும் டேபிள் மாறியது. எனக்கு அது போதும்.

அம்மா மட்டும் மாறவில்லை. நான் போகும்போதெல்லாம் "இன்னும் அந்த மாத்திரையா?" என்பார். "சாகுற வரைக்கும் சாப்பிடணுமா?" என்பார். ஒரு நாள் அண்ணி கடைக்குப் போயிருந்த சமயம், டிவியைப் பார்த்தபடியே கேட்டார்:

"அந்த டாக்டரம்மா பெரியவங்களையும் பாப்பாங்கன்னியே. எவ்ளோ பெரியவங்க வரைக்கும்?"

"யாரா இருந்தாலும் பாப்பாங்கம்மா."

"சும்மாத்தான் கேட்டேன்" என்று டிவியின் சத்தத்தைக் கூட்டினார். நான் அவர் பெயரில் ஒரு தேதி வாங்கினேன். அந்த நாள் வந்தபோது தலைவலி என்று சொல்லிவிட்டார். மறுபடி ஒரு தேதி வாங்கியிருக்கிறேன்.

போன மாதம் நகரத்துக் கடையில் மருந்து இல்லை. சப்ளை வரவில்லை என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். கொஞ்சம் வயதான மனிதர், அதிகம் பேசாதவர்.

"எப்ப சார் வரும்?"

"தெரியலம்மா."

"அப்ப நாளைக்கு வர்றேன்."

"நாளைக்கும் வராதும்மா. எதுக்கு அவ்ளோ தூரத்துலேர்ந்து அலையுறீங்க?"

மறுநாள் போனேன். அதற்கடுத்த நாள் போன் செய்தேன். அதற்கும் பிறகு சனிக்கிழமை, மகளையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து உள்ளே போய், ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். காலையில்தான் வந்ததாம். சீட்டை வாங்கிப் பதிந்துகொண்டே சொன்னார்:

"உங்கள மாதிரி மாசாமாசம் வாங்குற இன்னும் சில பேர் இத கேட்டு வந்தாங்கம்மா. சரக்கு இல்ல, அப்புறம் வாங்கன்னு சொன்னேன். போனவங்க ஒருத்தரும் திரும்பி வரல. வேணாம்னு விட்டுட்டாங்க போல."

"விடல சார். அவங்களால திரும்பி வர முடியாது. அதுதான் வியாதி" என்றேன். "அவங்க நம்பர் இருந்தா நீங்களே ஒரு போன் பண்ணுங்க. அவங்களுக்கும் எடுத்து வையுங்க."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, பழைய சீட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தார்.